‘உம்’மையும் ‘ஓ’வையும் ஒதுக்காதீர்கள்



சென்ற மாதம் நான்காம் படிவ மாணவன் ஒருவனின் அறிவியல் தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரும்பு ஆணி துருப்பிடிப்பதைப் பற்றிய கேள்வி. மூன்று சோதனைக்குழாய்களையும் அழகாக வரைந்திருந்தான். பாகங்களுக்குப் பெயரிட்டது சரி. மாறிகளும் சரி, உற்றுநோக்கலும் சரி. கடைசியில் முடிவை எழுதும்போதுதான் சறுக்கிவிட்டான். இரும்பு துருப்பிடிக்க நீர் ‘டான்’ உயிர்வளி தேவை என்று மலாயில் எழுத வேண்டிய இடத்தில், நீர் ‘அத்தாவ்’ உயிர்வளி தேவை என்று எழுதியிருந்தான். புள்ளி போய்விட்டது.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கேட்டான்: “ஒரே ஒரு சொல்லுதானே டீச்சர்? மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு?”

அவன் கேட்டதில் தவறில்லை. உங்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். ‘டான்’, ‘அத்தாவ்’, ‘ஜிக்கா’ போன்ற சின்னச் சொற்களெல்லாம் மொழிப்பாடத்தின் வேலை. அறிவியலில் உயிர்வளி, வெப்பம், அழுத்தம் போன்ற பெரிய சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும் என்பது உங்கள் எண்ணம். அது தவறு என்பதுதான் என் கருத்து. அறிவியலின் எலும்பு அந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது. அதுமட்டுமல்ல, தமிழ் பேசும் உங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல கருவி ஏற்கனவே கையில் இருக்கிறது.

மூன்று ஆணிகள் சொல்லும் செய்தி

அந்தச் சோதனையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முதல் குழாயில் ஆணி பாதி நீரில் மூழ்கியிருக்கும். மேலே காற்றும் உண்டு. இரண்டாம் குழாயில் கொதிக்கவைத்து ஆறிய நீர் இருக்கும். அதன்மேல் எண்ணெய் ஊற்றியிருப்போம். கொதிக்கும்போது நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும். எண்ணெய்ப் படலம் புதிய காற்றை உள்ளே விடாது. ஆக, அங்கே நீர் மட்டும்தான். மூன்றாம் குழாயில் நீரற்ற கால்சியம் குளோரைடு இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் அங்கே உலர்ந்த காற்று மட்டும்தான்.

சில நாள் கழித்துப் பார்த்தால் முதல் குழாயின் ஆணி மட்டும் துருப்பிடித்திருக்கும்.

நீர் ‘அல்லது’ உயிர்வளி போதும் என்றால் மூன்று ஆணிகளும் துருப்பிடித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் குழாய்களை வைத்ததே ‘அல்லது’ இல்லை, ‘உம்’தான் என்று காட்டுவதற்காகத்தான். அந்த மாணவன் தான் வரைந்த படத்தைத் தன் கையாலேயே ஒரு சொல்லால் அடித்துவிட்டான். அவன் தவறவிட்டது சோதனையின் முடிவையே.

தமிழ் சேர்க்கும் விதம்

மலாயில் ‘டான்’ தனிச்சொல். ஆங்கிலத்தில் ‘ஆண்ட்’ தனிச்சொல். இரண்டும் பெயர்களுக்கு நடுவே நிற்கும். தமிழில் ‘நீரும் உயிர்வளியும்’ என்கிறோம். ‘உம்’ நடுவில் நிற்காமல் ஒவ்வொரு பெயரிலும் ஒட்டிக்கொள்கிறது. இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் முத்திரை குத்துவதுபோல. எந்த நிபந்தனையையும் மறந்துவிட முடியாது.

தொல்காப்பியத்தின் இடையியல் இந்த ‘உம்’முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. பிற்கால நன்னூலும் எட்டு என்றே கணக்கிடுகிறது. தமிழ் இலக்கணப் பாடத்தில் அவற்றில் இரண்டையாவது கேட்டிருப்பீர்கள். ஒன்று எண்ணும்மை, ‘நீரும் உயிர்வளியும்’ என அடுக்கிச் சொல்வது. மற்றொன்று முற்றும்மை, மிச்சமில்லாமல் முழுவதையும் சொல்வது.

முற்றும்மையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவருவோம். ‘மூன்று குழாய்களில் மாற்றம் ஏற்பட்டது’ என்று எழுதினால், மொத்தம் ஐந்து குழாய்கள் இருந்து மூன்றில் மட்டும் மாறியிருக்கலாம். ‘மூன்று குழாய்களிலும் மாற்றம் ஏற்பட்டது’ என்றால் இருந்ததே மூன்று, அத்தனையும் மாறிவிட்டன என்று பொருள். அந்தச் சின்ன ‘உம்’ எத்தனை செய்தியைச் சுமக்கிறது பாருங்கள்.

‘ஓ’ என்ற விகுதி ‘அல்லது’ என்ற வேலையைச் செய்யும். ‘இன்றோ நாளையோ மழை பெய்யும்’ என்கிறோம். இப்போது இந்த இரண்டு ஒட்டுகளையும் கேள்விச் சொற்களோடு சேர்த்துப் பாருங்கள்.

எங்கும் என்றால் எல்லா இடத்திலும். எங்கோ என்றால் ஏதோ ஓர் இடத்தில்.

எப்போதும் என்றால் எல்லா நேரமும். எப்போதோ என்றால் ஏதோ ஒரு நேரத்தில்.

‘உம்’ சேர்ந்தால் ‘எல்லாம்’. ‘ஓ’ சேர்ந்தால் ‘ஏதோ ஒன்று’. இது தற்செயல் அல்ல. ‘முதல் குழாயிலும், இரண்டாம் குழாயிலும், மூன்றாம் குழாயிலும்’ என்று முழுப் பட்டியலையும் ‘உம்’ போட்டுச் சொல்லி முடித்தால் அதுதானே ‘எல்லாக் குழாய்களிலும்’? ‘முதல் குழாயிலோ, இரண்டாம் குழாயிலோ, மூன்றாம் குழாயிலோ’ என்றால் அதுதானே ‘ஏதோ ஒரு குழாயில்’? ‘எல்லாம்’ என்பது மிக நீண்ட ஓர் ‘உம்’. ‘ஏதோ ஒன்று’ என்பது மிக நீண்ட ஓர் ‘அல்லது’. கணித ஏரணத்தில் இதைக் குறியீடுகளோடு படிப்பார்கள். நம் பாட்டிமார்கள் குறியீடே இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மலையாளத்திலும் இந்த ‘உம்’மும் ‘ஓ’வும் உண்டு. ஜப்பானிய மொழியில் ‘மோ’, ‘கா’ என்ற இரண்டு ஒட்டுகள் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன.

இதனால் உங்களுக்கு என்ன பயன்? ஒரு கூற்றில் ‘எப்போதும்’ இருந்தால் அதை உடைக்க ஒரே ஓர் எதிர்க்காட்டு போதும். ‘அறை வெப்பநிலையில் உலோகங்கள் எப்போதும் திண்மமாகவே இருக்கும்’ என்று யாராவது சொன்னால், பாதரசத்தைக் காட்டுங்கள், கூற்று விழுந்துவிடும். ஒரு கருதுகோளைச் சோதிப்பது என்பது பெரும்பாலும் இந்த ‘உம்’மைச் சோதிப்பதுதான்.

மதுரையில் பிறந்த ஏரண அறிஞர்

இந்தச் சின்னச் சொற்களுக்குக் கணித வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் நம் மதுரையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அகஸ்டஸ் டி மோர்கன். 1806 ஜூன் 27ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டது. பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணில் பார்வையை இழந்தவர், பிற்காலத்தில் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1847இல் ஏரணம் பற்றிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜார்ஜ் பூல் என்பவரும் ஏரணத்தைக் கணிதமாக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார்.

டி மோர்கன் தமிழ் கற்றுத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று நான் கதை கட்ட மாட்டேன். இடைக்கால ஐரோப்பிய ஏரண அறிஞர்களும் இந்தக் கருத்தைச் சொற்களில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கணிதத்துக்குள் கொண்டுவந்ததால் அவர் பெயரில் இரண்டு விதிகள் நிலைத்துவிட்டன. ஆனால் அந்த விதிகளைத் தமிழில் சொன்னால் எவ்வளவு எளிது என்பதைப் பாருங்கள்.

ஆய்வுக்கூடக் கதவில் உள்ள விதியை நீங்கள் படித்திருப்பீர்கள்: ‘இங்கே உண்ணவோ பருகவோ கூடாது.’ அதையே இப்படியும் சொல்லலாம்: ‘இங்கே உண்ணவும் கூடாது, பருகவும் கூடாது.’ இரண்டும் ஒன்றே. முதல் வாக்கியத்தில் இருந்த ‘ஓ’, ‘கூடாது’ என்பதை ஒவ்வொன்றுக்கும் பிரித்துக் கொடுத்ததும் ‘உம்’ ஆகிவிட்டது. இது டி மோர்கன் விதிகளில் ஒன்று.

மற்ற விதி தீயைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது. எரிபொருளும் உயிர்வளியும் வெப்பமும் சேர்ந்தால் தீ எரியும். தீயை அணைக்க என்ன செய்ய வேண்டும்? எரிபொருளையோ, உயிர்வளியையோ, வெப்பத்தையோ, ஏதேனும் ஒன்றை நீக்கினால் போதும். எரிவதற்கு ‘உம்’; அணைப்பதற்கு ‘ஓ’. எதிர்மறை வந்ததும் ‘உம்’ ‘ஓ’வாக மாறிவிட்டது. வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்துவிட்டு மூடியால் மூடச் சொல்வது இதனால்தான். மூடி உயிர்வளியைத் தடுக்கிறது. அந்த ஒன்று போனாலே தீ போகும். பதற்றத்தில் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சூடான எண்ணெயில் நீர் சட்டென ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் தெறிக்கவைக்கும்.

ஆற்றங்கரையில் ஓர் ‘ஓ’

புள்ளியோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பெக்கோக்கில் இருக்கும் நமக்குச் சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சியைத் தெரியும். பள்ளி விடுமுறை வந்தால் குளிக்கப் போகாத வீடு குறைவு. அங்கே போகும் எல்லாரும் ‘கெப்பாலா ஆயர்’ என்ற சொல்லையும் அறிந்திருக்க வேண்டும். மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக ஆற்றில் இறங்கி வருவதுதான் அது. நாம் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். வெள்ளம் மேலேயிருந்து வரும்.

அதற்குச் சில அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் கலங்கும். நீர்மட்டம் சட்டென்று உயரும். இலைகளும் குச்சிகளும் மிதந்து வரும். மேலே இருந்து இரைச்சல் கேட்கும். மலைப்பக்கம் வானம் கறுத்திருக்கும்.

இப்போது என் கேள்வி: இந்த அறிகுறிகளை ‘உம்’ போட்டுச் சேர்ப்பீர்களா, ‘ஓ’ போட்டுச் சேர்ப்பீர்களா? ‘நீரும் கலங்கி, மட்டமும் உயர்ந்து, இரைச்சலும் கேட்டால் கரையேறலாம்’ என்று காத்திருப்பவர் தாமதித்துவிட்டார். ‘நீர் கலங்கினாலோ, மட்டம் உயர்ந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ உடனே கரையேற வேண்டும்’ என்பவர்தான் பிழைப்பார். ஆபத்தின் அறிகுறிகளுக்கு ‘ஓ’. அப்படியானால் தண்ணீரில் இறங்குவதற்கு? நீரும் தெளிவாக இருக்க வேண்டும், மட்டமும் மாறாமல் இருக்க வேண்டும், மலைப்பக்கமும் வெளுத்திருக்க வேண்டும். இறங்குவதற்கு ‘உம்’. மறுபடியும் டி மோர்கன்தான். இந்த முறை ஆற்றங்கரையில் நிற்கிறார்.

இரண்டு வகை ‘அல்லது’

‘அல்லது’ இன்னொரு சிக்கலையும் கொண்டுவரும். சாப்பாட்டுக்கடையில் ‘தேநீர் அல்லது காப்பி’ என்றால் இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் கேட்டால் கூடுதல் காசு. ஆனால் ‘காய்ச்சல் அல்லது இருமல் உள்ளவர்கள் வீட்டில் இருங்கள்’ என்று அறிவிப்பு வந்தால், காய்ச்சலும் இருமலும் சேர்ந்து உள்ளவர் பள்ளிக்கு வரலாமா? கூடாது. இங்கே ‘அல்லது’ என்பது இரண்டும் சேர்ந்திருப்பதையும் உள்ளடக்கியது. கணிதத்தில் கணங்களின் ஒன்றிப்பைப் படிக்கும்போது வருவது இந்த இரண்டாவது வகை.

லத்தீனில் இவற்றுக்கு ‘ஆவ்ட்’, ‘வேல்’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. ஏரணத்தில் ‘அல்லது’ என்பதற்குப் போடும் கவட்டை போன்ற குறி, அந்த ‘வேல்’ என்ற சொல்லின் முதல் எழுத்திலிருந்து வந்தது. புதிதாக மொழி படைத்தவர்களும் இந்தச் சொல்லில் வந்து நின்றிருக்கிறார்கள். 1887இல் எஸ்பெராண்டோ மொழியை வெளியிட்ட ஸாமென்ஹோஃப், ‘உம்’ என்ற பொருளுக்குக் கிரேக்கத்திலிருந்து ‘காய்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். 1955இல் ஜேம்ஸ் குக் பிரௌன் என்ற அமெரிக்கர் லோக்லான் என்ற மொழியைப் படைக்கத் தொடங்கினார். ஏரணத்தின்படியே அமைந்த மொழி வேண்டும் என்பது அவர் நோக்கம். அதனால் இரண்டு வகை ‘அல்லது’க்கும் தனித்தனி வடிவம் கொடுத்தார். ஒரு மொழியையே புதிதாகக் கட்டுகிறவர் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார் என்றால், ஒரு கேள்வியைப் படிக்கும் நாம் அரை நிமிடம் யோசிக்கக் கூடாதா?

இயந்திரங்களும் இந்தச் சொற்களில்தான் ஓடுகின்றன. தொடர் மின்சுற்றில் இரண்டு சுவிட்சுகள் இருந்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும், அது ‘உம்’. சுவிட்சுகளை இணை மின்சுற்றில் வைத்தால் எதைப் போட்டாலும் எரியும், இரண்டையும் போட்டாலும் எரியும். அது உள்ளடக்கும் ‘அல்லது’. நம் பட்டணத்து மாடிக் கடைவீடுகளின் படிக்கட்டில் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருந்தால் கவனியுங்கள். ஒன்றை மாற்றினால் விளக்கின் நிலை மாறும். இரண்டையும் மாற்றினால் பழைய நிலைக்கே வந்துவிடும். அது ‘ஒன்று மட்டும்’ என்கிற ‘அல்லது’. 1937இல் கிளாட் ஷானன் என்ற இளைஞர் தம் முதுகலை ஆய்வேட்டில், சுவிட்சுகளைக் கொண்ட மின்சுற்றுகளுக்குப் பூலின் கணிதம் பொருந்தும் என்று காட்டினார். உங்கள் கைப்பேசிக்குள் இருப்பவை இந்த ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ வாயில்கள்தான், எண்ணிக்கைதான் கோடிக்கணக்கு.

‘மற்றும்’ பற்றி ஒரு குறை

ஆசிரியர்களாகிய எங்கள் மீதும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் அறிவியல் குறிப்பு எழுதும்போது ‘நீர் மற்றும் உயிர்வளி’ என்று எழுதுகிறோம். பழைய இலக்கண நூல்களில் ‘மற்று’ என்ற இடைச்சொல்லுக்கு வேறு வேலை. ‘ஆண்ட்’ என்பதன் நேர் மாற்றாக அது உட்கார்ந்திருப்பது நம் காலத்து மொழிபெயர்ப்பு நடையில்தான். வழக்கத்துக்கு வந்த சொல்லை விரட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அறிவியலில் அது குழப்பம் தருகிறது என்பதே என் குறை. ‘நீர் மற்றும் உயிர்வளி இல்லாவிட்டால் துருப்பிடிக்காது’ என்று எழுதினால், இரண்டும் இல்லாதபோதா, ஒன்று இல்லாதபோதா? ‘நீரும் உயிர்வளியும் சேர்ந்தால்தான் துருப்பிடிக்கும், ஏதேனும் ஒன்று இல்லாவிட்டாலும் துருப்பிடிக்காது’ என்றால் ஐயமே இல்லை.

“தேர்வு மலாயில்தானே நடக்கிறது, தமிழ் எதற்கு டீச்சர்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் அறிவியல் படித்துவிட்டு, முதலாம் படிவத்தில் மலாய்க்கு மாறுகிறீர்கள். பெரிய சொற்களுக்கு அகராதி பார்க்கிறீர்கள். சின்னச் சொற்களுக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. அங்கேதான் புள்ளி ஒழுகுகிறது. மலாயை நன்றாகவே படியுங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன் மனத்துக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நீரும் உயிர்வளியுமா, நீரோ உயிர்வளியோவா?’ நாக்கே விடை சொல்லிவிடும். பிறகு ‘டான்’ எழுதுவதா, ‘அத்தாவ்’ எழுதுவதா என்ற தடுமாற்றம் வராது.

மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். கேள்வியைப் படிக்கும்போது இணைப்புச் சொற்களின் அடியில் கோடிடுங்கள். முடிவை எழுதியதும், ‘ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இல்லை’ என்று எழுத வேண்டி வந்தால், ‘உம்’ ‘ஓ’வாக மாற வேண்டுமா என்று நின்று யோசியுங்கள்.

அந்த மாணவனுக்கு அன்று ஆய்வுக்கூட அலமாரியில் இருந்த மூன்று குழாய்களையும் எடுத்துக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். “அப்ப இந்த ரெண்டு ஆணியும் துருப்பிடிச்சிருக்கணும் டீச்சர்… நான் எழுதினது சரின்னா” என்றான்.

போன புள்ளி திரும்ப வராது. அவன் ‘ரெண்டு ஆணியும்’ என்று சொன்னபோது, அந்த ‘உம்’ சரியான இடத்தில்தான் இருந்தது.